ஒட்டகமும் சிவிங்கியும்

இலக்கணத்தில் நான் கெட்டிக்காரன். பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதர் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும், எழுந்து நின்று அதைப் பிரித்துப் போட்டு, இது இன்ன தொகை, இது இன்ன புணர்ச்சி என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். கெட்டிக்காரன் என்ற நினைப்பு மட்டும் இல்லாதிருந்தால் பட்டணத்தில் ஒரு நல்ல முற்றம் இரண்டாக வெட்டுப்பட்டிருக்காது, என் தகப்பனாரின் மாந்தோப்பும் ஒரு வருஷம் காய்க்காமல் போயிருக்காது.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். பட்டணத்து மிருகக்காட்சி சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. மிருகக்காட்சி சாலை என்று இப்போதுதான் எழுதுகிறேன். அப்போது அப்படி யாரும் சொன்னதில்லை. ஜனங்களுக்கு மியூசியம் செத்த காலேஜ், எங்களுடையது உயிர் காலேஜ். இதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. சேக்காட்டில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார், மாப்பிள்ளைக்கு எங்கே உத்தியோகம் என்று கேட்டபோது, "காலேஜில்" என்று பாதியைச் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "வேலை பர்மனென்ட் ஆவட்டும், அப்பால தட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

பர்மனென்ட் ஆவது என் கையில் இல்லை. அந்த வருஷம் உயிர் காலேஜுக்குக் கப்பலில் ஒரு புது மிருகம் வருவதாக ஏற்பாடு. அதற்கென்றே ஒரு ரைட்டர் வேலையைப் புதிதாகப் போட்டு என்னை எடுத்திருந்தார்கள். சூப்பரின்டெண்டெண்டு துரை இங்கிலீஷில் சொல்வதை நான் தமிழில் எழுதி, கட்டட மேஸ்திரிக்கும் மிருகங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கொடுக்க வேண்டும். மிருகம் வந்து ஒழுங்காக நிலைத்தால் என் வேலை நிரந்தரம். நிலைக்காவிட்டால் அதோடு நானும் போக வேண்டியதுதான். துரை இதை முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

என்ன மிருகம் என்று நான் அவரைக் கேட்டிருக்கலாம். கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன். கப்பல் கம்பெனிக் கடிதத்தில் 'கேமலோபார்டு' என்று போட்டிருந்தது. ஆபீஸில் ஒரு தடிமனான அகராதி இருந்தது. அதில் அந்த வார்த்தைக்கு நேரே 'ஒட்டகச்சிவிங்கி' என்று ஒரே ஒரு சொல். படம் கிடையாது, விளக்கம் கிடையாது. அதை அப்படியே அழகான கையெழுத்தில் எழுதி மேஸ்திரியிடம் கொடுத்தேன்.

மேஸ்திரி காகிதத்தைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, தலையைச் சொறிந்தார்.

"சார், ஒட்டகம் தெரியும். சிவிங்கியும் தெரியும், ஜமீன்தாருங்க மான் புடிக்க வெச்சிருப்பாங்களே, புள்ளி போட்ட வேட்டைப்புலி. இன்னா சார் இது, ஒண்ணா, ரெண்டா?"

எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று ஒரு மேஸ்திரியிடம் சொல்ல நான் தயாராக இல்லை. "செடிகொடி என்றால் என்ன? செடியும் கொடியும். இரவுபகல் என்றால்? இரவும் பகலும். இதற்குப் பெயர் உம்மைத்தொகை. ஒட்டகமும் சிவிங்கியும். இரண்டு உருப்படி" என்றேன்.

"ரெண்டுக்கும் சேத்து காலியா கெடக்கற அந்த ஒரு முற்றந்தானா சார்?"

"வேறு இடம் எங்கே இருக்கிறது?"

அது உண்மை. உயிர் காலேஜில் அப்போது கால் வைக்க இடம் கிடையாது. பத்து மிருகத்துக்கான இடத்தில் ராஜாக்கள் தானம் கொடுத்ததும் கப்பல்காரர்கள் விட்டுவிட்டுப் போனதுமாக முப்பது நின்றன. கரடிக் கூண்டுக்கும், சாயங்காலம் பாண்டு வாசிக்கிற மேடைக்கும் நடுவில் ஒரே ஒரு முற்றம் காலியாக இருந்தது. என் காலடியில் இருபத்திரண்டு எட்டு நீளம், ஒன்பது எட்டு அகலம். துரை கோடைக்கு மலைக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் மேஸ்திரி அந்த முற்றத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பி, ஒரு பாதியை ஒட்டகத்துக்குத் திறந்தவெளியாக விட்டு, மறுபாதியில் சிவிங்கிக்கு இரும்புக் கம்பி போட்டு, அது தாவி ஓடாமலிருக்க ஏழடி உயரத்தில் கூரையும் போட்டு முடித்துவிட்டார். நல்ல வேலைக்காரர். நான் சொன்னதை ஓர் அங்குலம் பிசகாமல் செய்திருந்தார்.

துரை வந்து இறங்கிய அடுத்த நாள், கட்டடத்தைப் பார்க்கக்கூட நேரமில்லாமல், மிருகம் துறைமுகத்திலிருந்து வந்து சேர்ந்தது. மாட்டு வண்டியில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்கு மேல் ஒரு கழுத்து. கழுத்துக்கு மேல், இரண்டு சின்னக் கொம்போடு, மை தீட்டினாற்போன்ற பெரிய கண்ணோடு ஒரு முகம். பதினோரு அடி உயரம். இன்னும் வளர்கிற வயசு என்றார்கள்.

மேஸ்திரி அதைப் பார்த்தார், ஏழடிக் கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஒட்டகமா சார், சிவிங்கியா?" என்று மரியாதையாகவே கேட்டார்.

துரை கேட்டது அவ்வளவு மரியாதையாக இல்லை. முற்றத்தின் நடுவில் சுவர் ஏன், யார் சொல்லி வந்தது என்று கத்தினார். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு, "ரைட்டர் சார்தான் தொரைங்களே, இலக்கணம் சொன்னாரு" என்றார். கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளைக்காரருக்கு உம்மைத்தொகையை இங்கிலீஷில் விளக்கிச் சொல்லும் பாக்கியம் இந்த ராஜதானியிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் கிடைத்திருக்கும். பாதி சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. செடிக்கொடி என்று யாராவது எழுதுவார்களா? 'ஒட்டகச்சிவிங்கி'யில் நடுவே ஒரு 'ச்' புள்ளி வைத்து உட்கார்ந்துகொண்டு, நான் உம்மைத்தொகை இல்லையடா என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை. அந்த 'ச்' பற்றித் துரையிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும்.

அதை ஒட்டகப் பாதியில் விட்டார்கள். பதினோரு எட்டு நீளம். நான்கு எட்டு வைத்தால் சுவர், திரும்பினால் மறுபடி நான்கு எட்டு. கழுத்தை நீட்டினால் பாண்டு மேடை. முதல் சாயங்காலமே கொம்பு ஊதுகிறவரின் தொப்பியிலிருந்த இறகைப் பிடுங்கித் தின்றுவிட்டது. மற்ற நேரமெல்லாம் நின்ற இடத்தில் நின்று, சுவரின் சுண்ணாம்பை நாக்கால் நக்கிக்கொண்டிருக்கும். சுவரில் அதன் தலைமட்டத்துக்கு ஒரு பட்டை ஈரமாகவே இருக்கும்.

அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர் புதுப்பேட்டைக்காரர், ஐம்பது வயசு, முன்பு ஏதோ ஒரு ரெஜிமென்டில் ஒட்டகம் மேய்த்தவர். எல்லாரும் அவரை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தப் பெண் மிருகத்தைப் பாப்பா என்று கூப்பிட்டார்.

"இப்பவே சொல்றேன் ரைட்டரே, இந்த சந்துல ஒரு மழைக்குத் தாங்காது பாப்பா. கூரையும் இல்ல, நடக்க எடமும் இல்ல. சுண்ணாம்பத் துன்னுகினு கீது பாரு" என்றார்.

ஐப்பசி மழை வருவதற்கு இரண்டு வாரம் இருந்தது. சுவரை இடித்து, கூரையை உயர்த்த மூன்று மாசம் ஆகும் என்றார் மேஸ்திரி. அதுவரை எங்கே வைப்பது? துரை என்னைக் கூப்பிட்டு இந்தக் கேள்வியை என்னிடமே கேட்டார். கேட்டுவிட்டு மேஜை மேல் கடிகாரத்தை எடுத்து வைத்தார். எனக்குச் சேக்காட்டுப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. "எங்கள் தகப்பனாருக்கு அயனம்பாக்கம் ஏரிக்கரையில் பெரிய மாந்தோப்பு இருக்கிறது சார். உயரமான களஞ்சியக் கொட்டகையும் இருக்கிறது" என்றேன். மூன்று மாசம் கழித்து அதைக் காயமில்லாமல் கொண்டுவந்து சேர்த்தால் என் வேலைக்கு உத்தரவு போடுவதாகத் துரை சொன்னார். சேர்க்காவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை.

தகப்பனாரிடம் கேட்காமலே தோப்பைக் கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அம்பத்தூரில் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற தூரமெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தகப்பனார் மாடு கட்டிக்கொண்டிருந்தார். கோபக்காரர். நேரே சொன்னால் தாம்புக்கயிறு என் முதுகில் விழும்.

"நைனா, எங்க ஆபீஸ்லேந்து ஒருத்தர் வர்றார். மூணு மாசம் நம்ம தோப்புல தங்கணுமாம்."

"எந்த ஊர்க்காரரு?"

"வெளிதேசம்."

"வெள்ளக்காரனா? மாடு கோழின்னு கேப்பானே. உங்கம்மா ஒத்துக்க மாட்டா."

"இல்லை நைனா. சுத்த சைவம். இலைதழைதான்."

அவர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "இலைதழையா? சரி, கொட்டாயில கட்டில் போடட்டா?"

"வேணாம். படுக்கறதில்லை. நின்னுகினேதான் தூக்கம்."

"பேச்சுத் துணைக்கு யாரயாவது அனுப்பணுமா?"

"பேசறதும் இல்லை நைனா."

 தகப்பனார் மேல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "நீ சொல்லவே இல்லியேடா" என்றார். உள்ளே போய் அம்மாவிடம், இலையை மட்டும் தின்று, நின்றபடி தவம் செய்கிற ஒரு மௌன சாமியார் நம் தோப்பைத் தேடி வருகிறார் என்று சொல்வது என் காதில் விழுந்தது. திருத்தியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை நான் ரயிலேறுவதற்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

பாப்பாவைப் பூந்தமல்லி ரோடு வழியாக நடத்தியே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. டிராம் வண்டி கிளம்புவதற்கு முன்பே புறப்பட்டோம். டிராம் கம்பியை அது நக்கிப் பார்த்துவிடுமோ என்பது அண்ணாத்தேயின் பயம். கழுத்தில் ஒரு கயிறு, தோளைச் சுற்றி இரண்டு கயிறு, ஆறு ஆட்கள், முன்னால் அண்ணாத்தே ஒரு முருங்கைக் கிளையைக் காட்டிக்கொண்டு. மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் யாரோ ஒரு புண்ணியவான் புளியமரம் வைத்திருந்ததை மறந்துவிட்டேன். பாப்பா ஒவ்வொரு மரத்திடமும் நின்றது. ஒரு மரத்தையும் விட்டுவிட்டுப் போக அதற்கு மனசு வரவில்லை. கயிற்றை இழுத்தால் கழுத்தை வளைத்து நம்மைப் பார்க்கும், பிறகு மறுபடி மேயும். எதிரே வந்த கட்டை வண்டிகளின் மாடுகள் நுகத்தடியைக் கழற்றிக்கொண்டு வயலில் இறங்கின. ஒரு வண்டிக்காரர் கீழே விழுந்த தலைப்பாகையை எடுக்காமல் நின்று, "இன்னாபா இது, பனமரத்துக்குக் கால் மொளச்சிகீது" என்றார்.

வானகரம் தாண்டி அயனம்பாக்கம் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. தோப்பு வாசலில் ஊரே நின்றது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் ஒருவர் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பனார் வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு பெரிய சாமந்தி மாலையோடு முன்னால் நின்றார். முதலில் எங்கள் தலை தெரியவில்லை, அதன் தலைதான் தெரிந்தது. நாதஸ்வரம் வாசிக்க ஆரம்பித்த இடத்திலேயே நின்றுவிட்டது. கும்பல் இரண்டாகப் பிளந்து வரப்பில் ஏறியது. தகப்பனார் மட்டும் நகரவில்லை. பாப்பா அவர் முன்னால் போய், மரியாதையாகக் கழுத்தைத் தாழ்த்தி, ஒரு முழ நீளத்துக்குக் கறுத்த நாக்கை நீட்டி, மாலையைச் சுற்றி வளைத்து இழுத்து, நாரோடு தின்றது.

"இவுருதானா?" என்றார் தகப்பனார்.

"ஆமா நைனா."

"சுத்த சைவம்னு சொன்னியே, அது மட்டும் நெசம்." அதற்குப் பிறகு ஒரு மாசம் என்னோடு அவர் பேசவில்லை. சொல்ல வேண்டியதை அம்மாவைப் பார்த்துச் சொல்வார்.

ஊரில் வேறு ஒரு பேச்சுக் கிளம்பியது. மிருகத்தின் பெயரை யாரோ அண்ணாத்தேயிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் ஒட்டகச்சிவிங்கி என்று சொல்லித் தொலைத்துவிட்டார். பெயரிலேயே சிவிங்கி இருக்கிறதே, பகலெல்லாம் ஒட்டகமாக இருந்துவிட்டு ஒரு ராத்திரி சிவிங்கியாகிவிட்டால் ஆடுகளின் கதி என்ன என்று ஆட்டுக்காரர்கள் கிராம முனிசீப்பிடம் மனு கொடுத்தார்கள். நான் தோப்பு வாசலில் நின்று, இது உம்மைத்தொகை அல்ல, ஒட்டகம் போன்ற உடலும் சிவிங்கி போன்ற புள்ளியும் உடையது என்று பொருள், நடுவில் 'ச்' வருகிறது பாருங்கள் என்று அரைமணி நேரம் விளக்கினேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். "அதெல்லாம் சரி சார், அந்த 'ச்' போயிட்டா?" என்று ஒருவர் கேட்டார். பிறகு ஓர் ஆட்டுக்குட்டி தானே போய்ப் பாப்பாவின் கால்களுக்கு நடுவில் மழைக்கு ஒதுங்கி நின்றதை ஊர் பார்த்தது. மனுவை முனிசீப் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மழையில் அது நன்றாகத் தேறியது. கொட்டகை உயரமாக இருந்தது, ஏரிக்கரை முழுக்கக் கருவேல மரம். நாம் கை வைத்தால் ரத்தம் வரும் முள்ளுக்கு நடுவில் நாக்கை விட்டு இலையை மட்டும் உருவித் தின்னும். வாரத்துக்கு இரண்டு நாள் துரைக்கு நான் அதன் உடம்பைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். சுவரை நக்குவது நின்றுவிட்டது என்று எழுதினேன். அந்த இடத்தில் சுவரே இல்லை என்பதை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே தோப்புக்குப் போவேன். முதலில் வேலை பயத்தில்தான் போனேன். நான்கைந்து வாரத்தில் அது என்னை அடையாளம் கண்டுகொண்டது. நான் வரப்பில் வரும்போதே தலை திரும்பும். கிட்டே போனால் என் தலைப்பாகையை நக்கிக் கழற்றிவிடும். கஞ்சி போட்ட துணியின் ருசி அதற்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. திட்டிக்கொண்டே மறுபடி கட்டிக்கொள்வேன், மறுபடி கழற்றும்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, அண்ணாத்தே அதை ஏரிக்கரைமேல் நடத்திக்கொண்டு வந்தபோது பழைய கயிறு அறுந்துபோயிற்று. நான் மதகின் மேல் உட்கார்ந்திருந்தேன். பாப்பா ஒரு நிமிஷம் சும்மா நின்றது. கழுத்தில் கயிறில்லை என்பது அதற்குப் புரிய அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகு ஓடியது. அண்ணாத்தே தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். என் வேலை, சேக்காட்டுப் பெண் எல்லாம் அந்தக் கரைமேல் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் ஓடிப் பிடிக்க எழுந்தவன் எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அது அவசரப்படுவதுபோலவே இல்லை. கழுத்து முன்னும் பின்னும் ஆட, கால்கள் ஒவ்வொன்றும் தரையைத் தொட்டும் தொடாமலும், மெதுவாகப் போவதுபோல் இருந்தது. கண் சிமிட்டுவதற்குள் ஏரியின் அந்தக் கோடியில், தண்ணீர் வழிந்தோடும் கலங்கல்கிட்டே இருந்தது. இப்படி ஓடுகிற பிறவியையா பதினோரு எட்டுக்குள் நிறுத்தியிருந்தோம் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கலங்கலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானே திரும்பி ஓடிவந்து, மூச்சிரைக்க என் பக்கத்தில் நின்று, தலைப்பாகையைக் கழற்றியது.

"ரைட்டரே, இத்த எழுதாதே தொரைக்கு" என்றார் அண்ணாத்தே.

நான் எழுதவில்லை.

தை பிறந்தது, மா பூத்தது. பூத்த பூவைப் பாப்பா ஒரே வாரத்தில் தின்று தீர்த்தது. தோப்பு முழுவதும் அதன் வாய்க்கு எட்டும் உயரம்வரை யாரோ கத்திரி பிடித்து வெட்டினாற்போல் மொட்டையாக நின்றது. தகப்பனார் பாப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்து, எட்டுத் தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினார். அதன் எட்டுத் தலைமுறை எந்த தேசத்தில் இருக்கிறது என்று தெரியாததால் என் எட்டுத் தலைமுறையைத் திட்டினார், அதில் தாமும் வருவதைக் கவனிக்கவில்லை. திட்டி முடித்து, கிணற்றடியிலிருந்து தண்ணீர் சேந்தி, அது குனிவதற்குக் காலை அகட்டிச் சிரமப்படுகிறதே என்று தோளுயரத்தில் தொட்டியைத் தூக்கி வைப்பார்.

மூன்று மாசம் என்றது நான்காகி, மாசி முதல் வாரத்தில் முற்றம் தயாராகிவிட்டதாகத் துரை சொல்லி அனுப்பினார். நடுச்சுவரை இடித்து, கூரையை உயர்த்தி, புதுசாகச் சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள். தகப்பனார் வேறு வேலையாகப் பட்டணம் வந்தவர், அதைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போனேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார், அகலவாக்கில் நடந்தார்.

"இது நம்ம களத்துல பாதி கூட இல்லியேடா."

"பட்டணத்துல இவ்ளோதான் நைனா இடம்."

"பட்டணத்துக்கு எடம் இல்லன்னா அது இன்னா பண்ணும்? மாம்பூ போச்சுன்னு எனக்கு கோவந்தான், இல்லன்னு சொல்லல. அதுக்குன்னு அத்த இட்டாந்து இந்தப் பொந்துல நிறுத்தாதே. நீ எழுதறவன்தானே, தொரைகிட்ட எழுதிக் குடு. தோப்புலயே இருந்துட்டுப் போவட்டும். நான் கேட்டேன்னு எழுது."

எழுதினேன். அன்று வரை நான் எழுதிய இங்கிலீஷிலேயே அதுதான் நல்ல இங்கிலீஷ். முற்றம் இருபத்திரண்டு எட்டு, அது ஓடும்போது வைக்கும் எட்டில் அது ஐந்தோ ஆறோ, என் தகப்பனார் தோப்பை விட்டுக்கொடுக்கத் தயார் என்று எல்லாம் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

துரை என்னை உட்காரச் சொன்னார். அதற்கு முன் சொன்னதில்லை. மேஜைமேல் என் பெயர் எழுதிய உத்தரவு, கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவர் பேனாவை மசியில் தோய்த்துவிட்டு, நிறுத்தி, என்னைப் பார்த்தார். நீ அங்கே நான்கு மாசம் அதைக் கிட்ட இருந்து பார்த்தவன், இந்த இடம் அதற்குப் போதுமா, போதாதென்றால் சொல், அங்கேயே விட்டுவைக்க நான் கமிட்டியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். ஆனால் அப்படியானால் முற்றத்துக்கென்று போட்ட இந்த வேலை இருக்காது, உனக்கு வேறு இடம் பார்க்கத்தான் வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார். நல்ல மனுஷர். அந்தக் கேள்வியை என்னைத் தவிர வேறு யாரிடமும் அவர் கேட்டிருக்க முடியாது, ஏனென்றால் அது ஓடியதைப் பார்த்தவர்களில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பேனா முனையில் மசி ஒரு சொட்டு திரண்டு நின்றது.

"தாராளமாகப் போதும் சார்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போனதும் தகப்பனார், "குடுத்தியா?" என்று கேட்டார். "கொடுத்தேன் நைனா. அவர் கேக்கலை" என்றேன். துரையைக் கொஞ்சம் திட்டினேன்கூட. தகப்பனார் மறுநாள் பாப்பாவோடு வானகரம்வரை நடந்து வந்து, ரோட்டோரம் நின்றுவிட்டார். புளியமரங்களிடம் அது நின்று நின்று போனதால், வெகுநேரம்வரை அவர் நிற்பது எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாமனாருக்கு அது எந்தக் காலேஜ் என்று அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது, உத்தரவைப் பார்த்த பிறகு அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. புதுப் பெண்டாட்டிக்கு நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க ஆசை. ஒரு சாயங்காலம் அழைத்துப் போனேன். முற்றத்துப் பக்கம் வேண்டாமென்று கரடி, குரங்கு, பாம்பு என்று சுற்றிக் காட்டினேன். ஊரெல்லாம் பேசின மிருகத்தைக் காட்டாமல் போனால் எப்படி என்று அவள் விடவில்லை.

பாப்பா அந்தக் கோடியில், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தது. புதுச் சுண்ணாம்பில் தலைமட்டத்துக்கு ஒரு பட்டை ஈரமாக இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை, இருந்தும் தலையைத் திருப்பியது. ஏழு எட்டில் முற்றத்தைக் கடந்து வந்து, வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, கல்யாணத்துக்கு வாங்கின சரிகைத் தலைப்பாகையை என் தலையிலிருந்து நக்கிக் கழற்றியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா பிரியம் கீது பாருங்க உங்க மேல அதுக்கு" என்றாள்.

ஓய்வு பெறும்வரை அங்கேதான் வேலை செய்தேன். ரயிலடியிலிருந்து ஆபீஸுக்கு அந்த முற்றத்தை ஒட்டிப் போனால் குறுக்குவழி. பாப்பா இருந்த பதினொரு வருஷமும் நான் கரடிக் கூண்டுக்குப் பின்னால் சுற்றித்தான் போனேன்.